கம்பு உருண்டை வாபஸ்

ஜூன் 3

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்த நோட்டு என்னுடையது இல்லை. பால்வாடி அலமாரியில் மிச்சமாகக் கிடந்த எடைப் பதிவேடு. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், வயது, எடை, குறிப்பு என்று கட்டம் போட்டிருக்கிறது. முதல் பக்கத்தில் ஆசைக்கு என்னையே பதிந்துகொண்டேன். பெயர் வெள்ளத்தாய். வயது நாற்பத்தேழு. எடை எழுபத்தெட்டு. எழுதிப் பார்த்தால் கட்டத்துக்குள் எருமை நிற்பதுபோல் இருந்தது. அடித்துவிட்டு எழுபத்திரண்டு என்று போட்டேன். யார் வந்து தூக்கிப் பார்க்கப் போகிறார்கள்?

பால்வாடியில் நான் ஆயா. சமைப்பது, பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது, ரோஸ்லின் டீச்சரைச் சிரிக்க வைப்பது, மூன்றும் என் வேலை. முதல் இரண்டுக்குத்தான் உத்தரவு கொடுத்திருக்கிறார்கள். படிப்பு நாலாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி எழுதுவேன், மெதுவாக.

இன்று சுபாஷிணி மேடம் வந்தார். மதுரையில் ஆராய்ச்சி நிலையத்தில் பிள்ளைகள் சாப்பாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். போன வருடம் ஆறு மாதம் எங்கள் பால்வாடியில்தான் கிடந்தார். நாற்பத்தெட்டுப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார். தட்டில் சிவப்புப் பொட்டு வைத்த இருபத்துநான்கு பேருக்குத் தினம் பதினொரு மணிக்கு ஒரு கம்பு உருண்டை. நீலப் பொட்டுக்காரர்களுக்கு வழக்கமான சாப்பாடு மட்டும். மாதம் ஒரு தடவை எல்லோரையும் தராசில் ஏற்றி எழுதிக்கொண்டார். கடைசியில் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஒரே அளவுதான் கூடியிருந்தது. உருண்டையால் தனிப் பலன் ஒன்றும் இல்லை என்று கட்டுரை எழுதினார். வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, பால்வாடிகளை நடத்தும் டிரஸ்ட்காரர்கள் ஏப்ரலோடு உருண்டையை எல்லாப் பால்வாடியிலும் நிறுத்திவிட்டார்கள்.

எப்போது வந்தாலும் வாசலிலேயே சிரிக்கிறவர் இன்று செருப்பைக்கூட நேராகக் கழற்றவில்லை.

"என்ன மேடம், மூஞ்சி புளிச்ச மாவாட்டம் இருக்கு? மாப்பிள்ள பாக்க வர்றாகளா?" என்றேன்.

"பத்திரிகையிலருந்து லெட்டர் வந்திருக்குக்கா. என் கட்டுரையில சந்தேகமாம்."

எனக்குக் கையில் இருந்த கரண்டி கொஞ்சம் கனத்தது. வெயில் காலம் அல்லவா.

ஜூன் 5

மேடம் மறுபடி வந்து பழைய பதிவேடுகளை எல்லாம் விரித்து உட்கார்ந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே விவரம் கேட்டேன்.

வெளிநாட்டில் யாரோ ஒரு கணக்குப் புலி கட்டுரையைப் படித்திருக்கிறார். நீலப் பொட்டுப் பிள்ளைகள் ஆறு மாதத்தில் ஒரு கிலோ கூடியிருந்தாலே பெரிதாம். ஒன்றரை கூடியிருக்கிறார்கள். சிவப்பும் அதே ஒன்றரை. "நீலத்தை யாரும் நிறுக்கவே இல்லை, சிவப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்" என்று பத்திரிகைக்கு எழுதிப் போட்டுவிட்டார். பத்திரிகைக்காரர்கள் மேடத்திடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஜூலை மூன்று வரை தவணை.

"விளக்கம் சொல்லலேன்னா?"

"கட்டுரையத் திரும்ப வாங்கிருவாங்கக்கா."

"வாபஸா? எலெக்‌ஷன்ல வாங்குறாகளே, அதாட்டமா? எங்க வார்டுல ரெண்டு பேரு வாங்கி, மறுநா சேந்து பிரியாணி தின்னாக."

மேடம் சிரிக்கவில்லை. எழுத்துப் பிழை, ஒரு எண் தப்பு என்றால் திருத்தம் மட்டும் போடுவார்களாம். கட்டுரையின் முடிவையே நம்ப முடியாது என்றால்தான் வாபஸ். அதிலும் இரண்டு விதம். தெரியாமல் நடந்த தப்பு என்றால் அப்படி எழுதுவார்கள். இல்லாததை எழுதியது என்றால் அதையும் எழுதுவார்கள். கட்டுரையை அழிக்கவும் மாட்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே 'வாபஸ்' என்று அடித்து, எல்லோரும் பார்க்க வைத்திருப்பார்கள்.

"அழிச்சிட்டா முன்னாடி படிச்சவங்களுக்குத் தெரியாமப் போயிரும்ல. அவங்க அத நம்பிட்டுத்தான இருப்பாங்க" என்றார் மேடம்.

இரண்டாவது விதம் வந்தால் இனி எந்த நிலையத்திலும் அவரை வாசலில் ஏற்ற மாட்டார்கள். அதை அவர் சொல்லவில்லை. பதிவேட்டைத் தடவிக்கொண்டிருந்த விரல் சொன்னது.

ஜூன் 6

வெண்டைக்காய் முற்றல். சமையலறை ஜன்னல் ஆணியில் ஒரு நூல்கண்டு ரொம்ப நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. குப்பை சேரக் கூடாது என்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

ஜூன் 10

மேடம் தராசைச் சோதித்தார். கடையில் இருந்து இரும்புப் படிக்கல் வாங்கி வந்து வைத்து வைத்துப் பார்த்தார். ஐந்து கிலோ வைத்தால் ஐந்து. பத்து வைத்தால் பத்து. தராசு தங்கம்.

"நாந்தான் எங்கயோ தப்பு பண்ணிருக்கேன்க்கா. வரிசை மாத்தி எழுதிட்டனா? ஒரே பிள்ளைய ரெண்டு வாட்டி ஏத்திட்டனா? யோசிச்சு யோசிச்சு எனக்கே என்மேல சந்தேகமா இருக்கு."

"நீங்களா? சோறு திங்கும்போதே பருக்கைய எண்ணுறவுக நீங்க."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உருண்டைய எண்ணித்தான குடுத்தீங்க? நாளுக்கு இருபத்துநாலு?"

"எண்ணித்தான் குடுத்தேன். இருபத்துநாலு. ஒண்ணு கூட இல்ல, கொற இல்ல."

இது சத்தியம். என் பிள்ளைகள் மேல் அடித்துச் சொல்வேன். அவர் கேட்டதற்குச் சரியான பதில் சொன்னேன்.

ஜூன் 11

ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். ரோஸ்லின் டீச்சர், "என்ன வெள்ளத்தாயி, கடல்ல எறங்கிட்டயா?" என்றார். ஆமாம், முங்கத்தான் இல்லை என்றேன்.

ஜூன் 15

ஞாயிறு. வீட்டில் கறி. என் வீட்டுக்காரர் காசிமாயன் பஞ்சர்க் கடைக்கு லீவு விட்டுவிட்டு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "தாயி, நாலு நாளா என்னைய ஒரு கேலியும் பண்ணல நீ. டாக்டர்ட்டக் காட்டுவமா?" என்றார்.

"ஒங்க மூஞ்சிய எத்தன நாளுதான் கேலி பண்றது. அலுத்துப் போச்சு."

"அது சரி. அப்ப ஒடம்புக்கு ஒண்ணுமில்ல."

அவர் காற்று இறங்கின டியூப்பைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். எங்கே குமிழி வருகிறது என்று. நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

ஜூன் 18

நிலையத்தில் மூன்று பேரை வைத்து விசாரணை போட்டிருக்கிறார்கள். அது முடியும் வரை மேடம் வேலைக்கு வர வேண்டாமாம். போனில் சொன்னார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"நானே வாபஸ் வாங்கிக்கிறேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்கக்கா. காரணம் கேட்டா என்னத்த எழுத? தெரியலன்னு எழுதுனா, பொய்யா எழுதுனேன்னுதான எடுத்துக்குவாங்க. ஒவ்வொரு பிள்ளையவும் நான் என் கையால தூக்கி ஏத்தி எழுதுனேன். யாசினி தராசுல ஒண்ணுக்குப் போனாளே, அத உடுப்பு மாத்தி மறுபடி ஏத்துனேனே. அதெல்லாம் பொய்யாக்கா?"

"பொய் இல்ல மேடம்."

"நீங்க ஒருத்திதான் சொல்றீங்க."

போனை வைத்த பிறகு அடுப்படிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று மறந்துவிட்டது.

ஜூன் 21

யாசினி, ஹாசினி இரண்டும் இரட்டை. சீட்டுக் குலுக்கியதில் யாசினிக்குச் சிவப்பு விழுந்தது, ஹாசினிக்கு நீலம். அவர்கள் அம்மாவைச் சந்தையில் பார்த்தேன்.

"ஏங்க்கா உருண்டைய நிறுத்திட்டீக? ரெண்டும் வீட்டுக்கு வந்து உருண்டை உருண்டைன்னு ஒரே அழுக. ஹாசினி திரும்ப எளச்சுப் போனா பாருங்க."

"ஹாசினிக்கு ஏது உருண்ட? அவ நீலம்ல" என்று சொல்லியிருக்க வேண்டும். நான், "எளைக்க மாட்டா, வாழப்பழம் குடு" என்றேன். அந்தம்மா ஒன்றும் தெரியாமல் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

சரி, எழுதிவிடுகிறேன். இது குறிப்புக் கட்டம்தானே.

முதல் நாள் பதினொரு மணிக்குச் சிவப்புப் பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்து உருண்டை கொடுத்தேன். நீலத்தை வெளியே விளையாடப் போகச் சொன்னோம். ஒன்றும் போகவில்லை. ஜன்னல் கம்பியில் வரிசையாக மூக்கு. இருபத்துநான்கு மூக்கு. யாசினி தன் உருண்டையைக் கடித்து ஒரு துண்டைக் கம்பி வழியாக ஹாசினி வாயில் வைத்தாள். மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்தன. பிறகு என்னைப் பார்த்தன.

மறுநாளில் இருந்து நூலால் அறுத்தேன். அவித்த முட்டையை அறுப்போமே, அப்படி. கத்தி வைத்தால் உதிரும், நூல் வைத்தால் சரிபாதி. உள்ளே பாதி, ஜன்னலில் பாதி. டீச்சரும் மேடமும் அந்த நேரத்தில் முன் அறையில் பதிவேடு எழுதுவார்கள். 'உருண்டை சாப்பிட்டான்' என்று சிவப்புக்குக் கட்டம் இருந்தது. சாப்பிட்டார்கள், டிக் போட்டேன். நீலத்துக்குக் கட்டமே இல்லை. கட்டம் இருந்திருந்தால் அதிலும் டிக் போட்டிருப்பேன்.

ஆறு மாதம்.

ஜூன் 23

ரோஸ்லின் டீச்சரிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த சாக்பீஸ் உடைந்தது.

"ஏ வெள்ளத்தாயி, ஒனக்குக் கிறுக்கா?"

"இருந்திருக்கும் டீச்சர்."

"அந்தப் பதிவேட்டுல மேற்பார்வைன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்டி! நீ போய் வாயத் தொறந்தா ஒன் வேலையும் போகும், ரிட்டயர்டு ஆக ரெண்டு வருசம் இருக்கையில என் வேலையும் போகும். அந்தப் பிள்ள படிச்ச பிள்ள. வேற எடத்துல பொழச்சுக்கும்."

"பொழைக்க விட மாட்டாக டீச்சர். குறுக்க எழுதிப்புடுவாக."

"நூலு எங்க?"

"வீட்டுல."

"எரிச்சுப்போடு. நான் கேக்கல, நீ சொல்லல."

டீச்சரோடு பதினாறு வருடமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறேன். இன்று அவர் தனியாகச் சாப்பிட்டார். என்னைக் கூப்பிடாமல் அவரால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, மூடி வைத்துவிட்டார்.

ஜூன் 24

எரிக்கவில்லை. பருத்தி நூல், நல்ல நூல்.

ஜூன் 26

நாளைக்கு மேடம் கையெழுத்துப் போடப் போகிறார். 'எடை இவ்வளவு கூடியதற்கு என்னால் காரணம் கூற இயலவில்லை' என்று எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். போனில் எனக்கு வாசித்துக் காட்டினார். "தமிழ் சரியாருக்காக்கா?" என்றார். நாலாம் வகுப்பிடம் கேட்கிறார்.

கம்பு ஊறப் போட்டிருக்கிறேன். காசிமாயன், "யாருக்கு?" என்றார். "சாமிக்கு" என்றேன். "எந்தச் சாமி கம்பு திங்குது?" என்றார். உண்மையைச் சொன்னால் நானும் வருவேன் என்பார்.

ஜூன் 27

டீச்சரிடம் பல் வலி என்று சொல்லிவிட்டு மதுரை பஸ் ஏறினேன். கையில் தூக்குவாளி. உள்ளே நான்கு உருண்டை, நூல்கண்டு.

நிலையத்து வாசலில் வாட்ச்மேன் விடவில்லை. "சுபாஷிணி மேடத்துக்குச் சாப்பாடு, குடுக்கலேன்னா சுகர் எறங்கிரும்" என்றேன். அந்தப் பிள்ளைக்குச் சுகர் இல்லை. இன்று நான் சொன்ன பொய்யில் இரண்டாவது இது.

கண்ணாடிக் கதவு போட்ட அறை. பெரிய மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலை நரைத்தவர், அவர்தான் தலைவர். இந்தப் பக்கம் மேடம், கையில் பேனா. என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"அக்கா? நீங்க எப்பிடி இங்க?"

"அந்தப் பேனாவக் கொஞ்சம் கீழ வைங்க மேடம்."

தலைவர், "யாரும்மா நீங்க?" என்றார்.

"பால்வாடி ஆயா சார். பேரு வெள்ளத்தாயி. அந்தப் பிள்ள எழுதுன எடை எல்லாம் நெசம். நீலப் பிள்ளைகளுக்கும் நான்தான் உருண்ட குடுத்தேன்."

தூக்குவாளியை மேசை ஓரத்தில் வைத்தேன்.

முழுக்கச் சொன்னேன். மேடம் பக்கம் திரும்பாமல் சொன்னேன். இடது கைப் பக்கம் இருந்த சின்ன வயதுக்காரர் மட்டும் முறைத்தார்.

"ஏம்மா, நீலத்துக்குக் குடுக்கக் கூடாதுன்னு தெளிவா சொன்னாங்கல்ல? ஆராய்ச்சின்னா சும்மாவா? ஏன் குடுத்தீங்க?"

அந்த நேரத்தில் ஒருவர் தட்டில் காபி கொண்டுவந்தார். நான்கு தம்ளர். அவர்களுக்கு மூன்று, மேடத்துக்கு ஒன்று. தலைவர் தன் தம்ளரை எடுத்தவர், நான் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "அவங்களுக்கும் ஒண்ணு கொண்டாப்பா" என்றார். முறைத்தவரும் வாய்க்குப் போன தம்ளரை மேசையில் வைத்துவிட்டார்.

"இதுக்குத்தான் சார் குடுத்தேன்" என்றேன்.

முறைத்தவர் தம்ளரைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிம்மா. ஆனா நீங்க இவங்களக் காப்பாத்தச் சொல்றீங்களோன்னு நாளைக்குக் கேப்பாங்களே. என்ன ஆதாரம்?"

தூக்குவாளியைத் திறந்தேன். ஒரு உருண்டையை மேசையில் வைத்து, நூலைச் சுற்றி இழுத்தேன். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு பாதி இருபது கிராம். இன்னொரு பாதி பத்தொன்பது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மேசை வழுக்குது சார்" என்று அடுத்ததை அறுத்தேன். இருபது, இருபது. மூன்றாவதும் இருபது, இருபது.

"ஆறு மாசம் நாளுக்கு இருபத்துநாலு அறுத்த கை சார். இது போதலேன்னா பிள்ளைகளக் கேளுங்க, அதுக அம்மாமாரக் கேளுங்க."

தலைவர் மேடத்தைப் பார்த்தார். "ரெண்டு குழுவையும் ஒரே கூடத்துல வச்சது உங்க திட்டக் கோளாறு சுபாஷிணி. தனித்தனி ஊர்ல வச்சிருக்கணும். கட்டுரை நிக்காது. நாங்க ஊருக்கு வந்து விசாரிச்சிட்டு, காரணத்தோட எழுதுவோம். இந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட வேண்டாம்."

மேடம் அந்தக் காகிதத்தை நான்காக மடித்தார். பிறகு வெளியே நடைவழியில் என்னைப் பிடித்தார். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இருபத்துநாலு நாள் ஆச்சுக்கா அந்த லெட்டர் வந்து. நான் தராசுல படிக்கல்ல வச்சுப் பாத்தப்பவும் பக்கத்துல நின்னீங்கல்ல?"

"நின்னேன்."

"ஒரு வார்த்த."

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வேடிக்கை பார்க்கவில்லை.

ஜூலை 2

மூன்று பேரும் ஊருக்கு வந்தார்கள். பதினெட்டு அம்மாமாரை விசாரித்தார்கள். ஹாசினி, கேட்காமலே ஜன்னலுக்குப் போய்க் கம்பியில் வாயை வைத்துக் காட்டினாள். முறைத்தவர் அதை எழுதிக்கொண்டார்.

ஜூலை 9

டிரஸ்டில் இருந்து எனக்கும் டீச்சருக்கும் எச்சரிக்கைக் கடிதம். வேலை தப்பியது. என் பெயருக்கு வந்த முதல் கடிதம், ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன். டீச்சர் இன்னும் பேசவில்லை. ஆனால் டிபன் பாக்ஸில் எனக்குப் பாதி ஒதுக்கி மேசையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார்.

ஜூலை 20

மேடத்துக்கு ஆறு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 12

பதினொரு மணி இருக்கும். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஸ்கூட்டி சத்தம். மேடம். நேராகச் சமையலறைக்கே வந்தார்.

"வந்திருச்சுக்கா."

"எது?"

"வாபஸ்."

இரண்டில் எந்த விதம் என்று கேட்கப் போனேன். அவராகவே போனைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். இந்தக் கட்டுரையை ஆசிரியரே கேட்டுக்கொண்டதன்படி வாபஸ் வாங்குகிறோம். உருண்டை இரண்டு குழுவுக்கும் போயிருப்பதால் அதன் முடிவை நம்பக் கூடாது. எடைகள் உண்மையானவை. ஏமாற்று வேலை எதுவும் இல்லை. உருண்டையால் பலன் இல்லை என்று இந்தக் கட்டுரையை வைத்து யாரும் சொல்லக் கூடாது.

"ஏமாத்து இல்லன்னு போட்டுட்டாகளா?"

"போட்டுட்டாங்க."

"வேல?"

"திங்கட்கிழமையிலருந்து போறேன். பதவி உயர்வு போச்சு. ஒரு வருச உழைப்பும் போச்சு. முதல்லருந்து ஆரம்பிக்கணும், ரெண்டு ஊர்ல. இந்த ஊரு கிடையாது." கொஞ்சம் நிறுத்தி, "ஒங்கமேல எனக்கு இன்னும் கோவம் இருக்குக்கா" என்றார்.

"இருக்கட்டும் மேடம். அத வச்சுக்கிட்டாவது அப்பப்ப வாங்க."

அப்போதுதான் பல்லைக் காட்டினார். கொஞ்சம்தான். வாசலில் நின்ற ரோஸ்லின் டீச்சர், "அந்தப் பிள்ளைக்கு மோர் குடு வெள்ளத்தாயி, வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற" என்றார். நாற்பத்தொன்பது நாளுக்குப் பிறகு என்னிடம் பேசின பேச்சு.

"ஒங்களப் பத்தியும் ஒரு வரி இருக்குக்கா" என்றார் மேடம். "தானாக முன்வந்து உண்மையைச் சொன்ன சமையல் பணியாளருக்கு ஆசிரியர் நன்றி தெரிவிக்கிறார்."

"எங்க, காட்டுங்க. எந்த எடத்துல?"

இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் நம்ம வரி எவ்வளவு நீளம் என்று பார்க்கலாம் அல்லவா. போனை வாங்கினேன். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. இரண்டு விரலை வைத்து அகட்டினால் பெரிதாகும் என்றார் மேடம். அகட்டினேன். கையில் எண்ணெய் இருந்தது. போன் சாம்பாரில் விழுந்தது. கரண்டியால் எடுத்தோம். இன்று பிள்ளைகளுக்கு ரசம்.